சிவந்ததெல்லாம் ஒன்றா?

‘வெளுத்ததெல்லாம் பால் அல்ல’ என்று தமிழ்ப்பள்ளியில் படித்தோம். தானியங்கிக் கியர் எண்ணெய்க்கும் இது பொருந்தும் என்பதைச் சென்ற விடுமுறையில் பட்டுணர்ந்தேன்.

அப்பா தினமும் வேலைக்குச் செல்லும் பழைய புரோட்டோன் வீராவுக்கு நானே கியர் எண்ணெய் மாற்றினேன். கடையில் மலிவாகக் கிடைத்தது டெக்ஸ்ரான் வகை. சிவப்பாகத்தானே இருக்கிறது என்று ஊற்றிவிட்டேன். மறுநாளே கியர் மாறும்போதெல்லாம் மகிழுந்து குலுங்கியது. பிறகுதான் கையேட்டைத் திறந்தேன். அந்தக் கியர்பெட்டி மிட்சுபிஷியின் வடிவமைப்பு, அதற்குரியது எஸ்.பி. வகை எண்ணெய்.

சிவப்பு என்பது வெறும் சாயம்; கசிவை அடையாளம் காண உதவும், அவ்வளவே. கியர்பெட்டியின் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பற்ற வேண்டும் என்பதை எண்ணெயில் கலந்துள்ள உராய்வுச் சேர்மங்களே தீர்மானிக்கின்றன. வகைக்கு வகை அவை மாறும். 2021-இல் வந்த பெரொடுவா அதிவாவில் உள்ளது போன்ற சி.வி.டி. கியர்பெட்டிக்கோ முற்றிலும் வேறு எண்ணெய் வேண்டும்.

தவற்றைத் திருத்துவதும் எளிதன்று. வடிகால் திருகைக் கழற்றினால் ஒரு பகுதி எண்ணெய்தான் வெளியேறும். மீதி முறுக்குவிசை மாற்றியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் பாதி வெளியேறுவதாகக் கொண்டால், மூன்றாம் முறைக்குப் பின்னரும் பழையதில் எட்டில் ஒரு பங்கு எஞ்சும். எனவே, வடித்த எண்ணெயை அளந்து, அதே அளவு புதியதை ஊற்றி, இடையிடையே ஓட்டி, மூன்று முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சமதளத்தில் நிறுத்தி, இயந்திரம் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுகோலைப் பார்த்தேன்.

குலுங்கல் நின்றது. மிச்சம் பிடித்ததைவிட மும்மடங்கு செலவானது. நண்பர்களே, முதலில் கையேடு; பிறகு கடை!