தாடை மூட்டுக்கு எந்தப் படம்?

"கொட்டாவி விட்டா காதுகிட்ட 'டக்'குன்னு சத்தம் வருது டாக்டர், காதுல எண்ணெய் விடலாமா?" புதுக்கோட்டை, ஆலங்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காதில் எதையும் ஊற்றாதீர்கள். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே உருளுகிறதே, அதுதான் தாடை மூட்டு.

கீழ்த்தாடையின் உருண்ட முனை, மண்டையோட்டுக் குழியில் பொருந்தியிருக்கிறது. நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு. கோளாறு எலும்பிலா, தட்டிலா, தசையிலா? அதைப் பொறுத்தே படம்.

ஓ.பி.ஜி.: முகத்தைச் சுற்றி வந்து எடுக்கும் எக்ஸ்ரே. பற்கள், இரு மூட்டுகள் எல்லாம் ஒரே படத்தில் விழும். செலவும் கதிர்வீச்சும் குறைவு. ஆனால் தலை கொஞ்சம் திரும்பியிருந்தாலே மூட்டின் வடிவம் மாறித் தெரியும். ஆரம்பத் தேய்மானம் தெரியாமலும் போகலாம்.

சி.பி.சி.டி.: எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும். முனையின் தேய்மானம், முறிவு, வடிவ மாற்றம் தெளிவாகத் தெரியும். கதிர்வீச்சு ஓ.பி.ஜி.யை விட அதிகம். தட்டு இதில் தெரியாது.

எம்.ஆர்.ஐ.: தட்டு விலகியிருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று காட்டும். கதிர்வீச்சு கிடையாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வலது மூட்டும் இடது மூட்டும் அச்சு வார்த்தது போல இருக்காது. சிலருக்கு முனை உருண்டை, சிலருக்குத் தட்டை. ரிப்போர்ட்டில் 'வித்தியாசம்' என்றிருப்பதாலேயே அதை நோய் என்று பயப்படாதீர்கள். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் படமே தேவையில்லை.

யாருக்கு அவசரம்?

குழந்தை முகவாய் அடிபட விழுந்தால் தாடையில் தையலைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். அடி மூட்டு வரை போய் முனை முறிந்திருக்கலாம். கவனிக்காமல் விட்டால் மூட்டு இறுகி வாயே திறக்காது. தாடை வளர்ச்சியும் குன்றும். காதருகே வலி, வாய் திறக்கச் சிரமம், பல் சேராமை இருந்தால் அன்றே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புதுக்கோட்டையிலேயே 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பெரியவர்களும் மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்காவிட்டால் தாமதிக்கக் கூடாது.

மற்றபடி, சாதாரண வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இட்லி, கஞ்சி, குழைந்த சாதம் சாப்பிடுங்கள். முறுக்கு, கரும்பு, பாக்குக்குச் சில வாரம் லீவு. கொட்டாவி வந்தால் தாடையைக் கையால் தாங்குங்கள். யாரிடமும் தாடையில் 'சொடக்கு' எடுக்கக் கொடுக்காதீர்கள்.

ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், "இதுல எதைப் பார்க்கப் போறீங்க டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். படம் எடுப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.