உண்டியல் வனையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்தனுப்பிய மண் உண்டியல் வந்து சேர்ந்தது. மயில் நீலமும் தங்கப் பூச்சும் கண்ணைப் பறிக்கின்றன. ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டுப் பார்த்தேன்; நுழையவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தேசூரில் பட்டு நெய்கிற வீடுகளில் தறியிலிருந்து புடவையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் நாளில்தான் கையில் காசு புரளும். அன்றைக்கே நாலு காசை மாடத்து உண்டியலில் போட்டுவிடும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களுக்காக என் தாத்தா வனைந்த உண்டியல்களில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. வெறும் செம்மண் பூச்சுதான். ஆனால் வாயைப் பார். அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் 30.5 மில்லிமீட்டர் அகலம். அதற்கென்று கீறிய வாய், 27 மில்லிமீட்டர் உள்ள இன்றைய பத்து ரூபாயையும் தாராளமாக வாங்கிக்கொள்கிறது.

களிமண் காய்ந்து சூளையில் வெந்து முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். நீ நாணயத்தை ஈர மண்ணில் வைத்து அளந்திருக்கிறாய். 32 மில்லிமீட்டராவது கீற வேண்டும். சக்கரத்தில் உண்டியலின் மேல்பக்கத்தை விரலால் குவித்து மூடிய அன்றே கீறாதே, தோள் அமுங்கிவிடும். விரல் பதியாத அளவுக்கு இறுகட்டும். அதற்காகக் கீறாமல் மறந்தும் விட்டுவிடாதே. கீறாமல் சூளையில் வைத்த என் முதல் உண்டியல்கள் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடித்துச் சிதறின. கீறலின் இரு முனைகளையும் உருட்டிவிடு. கூரான முனையிலிருந்துதான் விரிசல் ஓடும். உள்பக்கம் மடங்கும் விளிம்பைச் சுரண்டி எடுக்காதே. ஈர்க்குச்சி விட்டுக் காசெடுக்கப் பார்க்கும் பிள்ளைகளை அதுதான் தடுக்கும்.

அடிப்பாகம் தடிப்பாக இருக்கட்டும். பத்து ரூபாய் நாணயம் 500 சேர்ந்தால் கிட்டத்தட்ட 4 கிலோ. தோள் மட்டும் மெலிசாக இருந்தால், உடைக்கிற நாளில் ஒரே தட்டில் திறக்கும்.

அடியில் ரப்பர் மூடி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கிழக்கு ஜாவாவில், மஜபாகித் அரசின் தலைநகராக இருந்த துரோவுலானில், சுடுமண் பன்றி உண்டியல்கள் கிடைத்திருக்கின்றன. 14, 15ஆம் நூற்றாண்டு வேலை. முதுகில் கீறல், கொழுத்த வயிறு. காட்டுப்பன்றிக்கு அங்கே செலெங் என்று பெயர். உண்டியலுக்கே செலெங்ஙான் என்ற பெயர் வந்துவிட்டது. முழுசாகக் கிடைத்தவை அபூர்வம், ஏனென்றால் காசெடுக்க உடைத்தாக வேண்டும். உடைக்க மனம் வராமல்தான் காசு தங்கும். மூடி வைத்தால் முதல் அவசரத்துக்கே காலியாகிவிடும்.

அடுத்த சூளைக்கு வண்ணம் பூசாமல் நாலு உண்டியல் வனை. வெந்து ஆறியதும் ஒவ்வொன்றிலும் பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
தேசூர் அண்ணன்