தாத்தாவின் 'பாபி'

பரீதாபாத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடிப்படிக்குக் கீழே சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்று பல்லாண்டுகளாகச் சாக்கு போர்த்திக் கிடந்தது. பழைய இரும்பு வாங்குபவர் அதனை எடைக்குக் கேட்டார். தாத்தா தர மறுத்துவிட்டார். 1976-இல் தம் சம்பளத்தைச் சேமித்து அவர் வாங்கிய வண்டி அது.

அதன் பெயர் ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175. இப்பெயர் பலருக்கும் நினைவிராது. 'பாபி' என்றாலோ வட இந்திய முதியோரின் முகம் மலரும். 1973-இல் வெளிவந்த ராஜ் கபூரின் 'பாபி' என்னும் இந்தித் திரைப்படத்தில் ரிஷி கபூர் ஓட்டிய வண்டி இதுவே. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இதனைத் தயாரித்தது. சக்கரங்கள் சிறியவை, உடலும் குட்டை. ஆனால் உள்ளே இருப்பது பெரிய ராஜ்தூத் வண்டிக்குரிய அதே 173 சி.சி. எஞ்சின், போலந்து நாட்டு வடிவமைப்பின் வழி வந்தது.

தில்லியிலும் அதனைச் சூழ்ந்த வட்டாரத்திலும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. எனினும், 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் 'பழம்பெரும் வண்டி' எனப் பதிவுசெய்ய 2021-இல் நடுவண் அரசு விதி வகுத்தது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அவற்றை ஓட்டிச் செல்லலாம். அன்றாடப் பயணத்திற்கு அன்று. சட்டகத்தையோ எஞ்சினையோ மாற்றியமைத்திருத்தல் கூடாது என்பதும் அவ்விதியில் உண்டு. பாபிக்கு ஐம்பது வயது நிறைய இன்னும் ஓராண்டே இருந்தது.

பேத்தி உதவிக்கு வந்தாள். உதைமிதியை அழுத்தினாள், அது அசையவில்லை. துருவால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருந்தது. கரோல்பாகில் இருந்த மெக்கானிக், "ராஜ்தூத் 175-இன் எஞ்சின் என்னிடம் உள்ளது. ஒரே நாளில் பொருத்திவிடுவேன்" என்றார். செலவும் குறைவுதான். பேத்தி ஆவலுடன் பார்த்தாள். தாத்தா தலையசைத்தார்: "எஞ்சின் எண் மாறிவிடுமே, ஐயா! பதிவுச் சான்றிதழில் இருப்பது இந்த எண்தான்."

ஆகவே பழைய எஞ்சினையே உயிர்ப்பிக்க முனைந்தனர். பொறிச்செருகியைக் கழற்றி, அத்துளை வழியே டீசல் ஊற்றி, ஒரு வாரம் காத்திருந்தனர். அவசரப்பட்டுச் சுத்தியலால் தட்டியிருந்தால் சிலிண்டரே விரிசல் கண்டிருக்கும். எட்டாம் நாள் உதைமிதி ஒரு விரற்கடை இறங்கியது. பின்னர்ச் சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனையும் வளையங்களையும் பொருத்தினர்.

எஞ்சினுக்குரிய பாகங்கள் கிடைத்தன. பாபிக்கே உரிய பாகங்களுக்குத்தான் அலைச்சல். கரோல்பாகிலும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் மாயாபுரியிலும் தேடினர். கோடை விடுமுறையில் சென்னை சென்றபோது புதுப்பேட்டையிலும் தேடினர். தாத்தா ஒவ்வொரு கடைக்கும் உடைந்த பாகத்தையே எடுத்துச் சென்றார். வாயால் வருணித்தால் ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். அது முற்றிலும் தவறும் அன்று. புதுப்பேட்டையில் கிளட்ச் தகடுகள் கிடைத்தன. பின்விளக்கு எங்குமே கிடைக்கவில்லை.

ஒருநாள் பேத்தி உப்புத்தாளால் சட்டகத்தின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நில் அம்மா!" என்று தாத்தா பதறி ஓடிவந்தார்.

துருவுக்கடியில் பொறிக்கப்பட்ட எண் இருந்தது. இறுதி இலக்கம் சற்றே மங்கியிருந்தது. தாத்தா மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதனை மெல்லத் துடைத்து, சான்றிதழோடு ஒப்பிட்டார். எண் பொருந்தியது. பேத்தி அப்போதுதான் மூச்சுவிட்டாள்.

மார்கழிக் குளிரில் ஒரு காலை. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றினர். ஏழாவது உதையில் வெண்புகை கக்கிக்கொண்டு பாபி படபடத்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பாட்டி, "இந்தச் சத்தம் இன்னும் மாறவேயில்லை" என்றார். பின்விளக்கு இருந்த இடம் அப்போதும் வெறுமையாகவே இருந்தது.

பயிற்சி

1. வேறு எஞ்சினைப் பொருத்தத் தாத்தா ஏன் உடன்படவில்லை?
2. 'தலையில் கட்டுதல்' என்னும் மரபுத்தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
3. உங்கள் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றின் வரலாற்றைப் பெரியவர்களிடம் தமிழில் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.