மத்தியதரைக் காலநிலையும் கோர்சிக்காவின் மலைப்பாதையும்

மாணவர்களே, மத்தியதரைக் காலநிலை என்றதும் "கோடை வரட்சி, மாரி மழை" என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். கரையோரத்துக்கு அவ்விடை சரி. மலைக்குப் போதாது.

பிரான்சுக்குரிய கோர்சிக்காத் தீவைப் பாருங்கள். அதன் மிக உயர்ந்த சிகரம் மொன்டே சின்டோ (2706 மீற்றர்). வடமேற்கே கலென்சானாவிலிருந்து தென்கிழக்கே கொன்கா வரை மலைத்தொடர் வழியே செல்லும் ஜீ.ஆர். 20 என்னும் நடைபாதை ஏறத்தாழ 180 கிலோமீற்றர் நீளமானது. நடந்து முடிக்கப் பொதுவாக இரண்டு வாரங்களுக்கு மேலாகும். இப்பயணத்துக்கு எம்மாதத்தைத் தெரிவு செய்வீர்கள்?

மே மாதத்தில் உயர்ந்த கணவாய்களில் மாரிகால மழைப்பனி முற்றாக உருகியிராது. யூலை, ஓகஸ்டில் வெப்பம் அதிகம். பிற்பகலில் மலைச்சரிவு வழியே சூடான வளி மேலெழுந்து இடிமழை பெய்யக்கூடும். 2022 ஓகஸ்ட் 18 ஆம் திகதி புயல் காலையிலேயே வந்தது. காற்று மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டியது. தீவில் ஐவர் இறந்தனர். சூழவிருந்த கடல் அப்போது வழமையை விட மிக வெப்பமாக இருந்தது. "கோடையில் மழையில்லை" என்று மட்டும் மனனம் செய்தவர் இதை எப்படி விளக்குவார்?

ஆகவே யூன் பிற்பகுதி அல்லது செப்ரெம்பர் முற்பகுதி எனலாம். மாதத்தை மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள், காரணத்தையும் எழுதுங்கள்.

உடைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1000 மீற்றர் உயர, வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். கரையில் 28 பாகை எனின், 2000 மீற்றர் உயரத்தில் 15 பாகையே. காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடல் இன்னும் குளிரும்.

பயிற்சி: மலையேறுவோர் அதிகாலையில் புறப்பட்டு, நண்பகலளவில் தங்குமிடத்தை அடைய முயல்வது ஏன்?