பருவமும் பெருக்கும் கிரகணமும்: ஒலுவிற் கரையோரக் கமக்காரர் அறிய வேண்டியவை

பூமி, சந்திரன், சூரியன் ஆகிய மூன்றின் இயக்கத்தாற் பருவங்களும், கடலின் பெருக்கும் வற்றும், கிரகணங்களும் உண்டாகின்றன. ஆயினும் இவை ஒரே காரணத்தால் விளைவன அல்ல. பருவத்தை நிருணயிப்பது சூரியனை நோக்கிய பூமியின் சாய்வு. கடற்பெருக்கை முதன்மையாக நடத்துவது சந்திரன். கிரகணம் வெறும் நிழல். இவ்வேறுபாட்டைத் தெளிந்த கமக்காரர், எதற்கு ஆயத்தமாக வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை எளிதில் அறிந்துகொள்வர். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர் முதலிய ஊர்களின் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் இவ்வறிவு பெரிதும் பயன்படும்.

1. பருவங்கள்

பூமி சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 365¼ நாள் செல்கின்றது. அதன் அச்சு நிமிர்ந்து நில்லாமல் 23½ பாகை சாய்ந்துள்ளது. இச்சாய்வினால் ஆண்டின் ஒரு பாதியில் வடபகுதியும் மறுபாதியில் தென்பகுதியும் சூரியவெப்பத்தை மிகுதியாகப் பெறுகின்றன. சூரியனுக்கு அருகில் வருவதாற் கோடை உண்டாகின்றது என எண்ணுவது தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது சனவரி முற்பகுதியிலாகும். ஒலுவிற் பகுதியில் அது மாரிக்காலமன்றோ?

ஏப்பிரல் இரண்டாம் வாரமளவிலும் செப்ரெம்பர் முதல் வாரமளவிலும் நண்பகற் சூரியன் இப்பகுதிக்கு நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் சூரியன் தெற்கே செல்ல, ஆசியப் பெருநிலம் குளிர்கின்றது. அங்கிருந்து புறப்படும் காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை ஏந்தி, வடகீழ்ப் பருவக்காற்றாகக் கிழக்குக் கரையில் மழையைப் பொழிகின்றது. பெரும்போக வெள்ளாமைக்கு ஆதாரம் இம்மழையே. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் தென்மேற்குக் காற்றோ தன் மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே சொரிந்துவிட்டு, வறண்ட கச்சானாக இப்பக்கம் இறங்குகின்றது. ஆதலாற் சிறுபோகம் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரை நம்பியிருக்கின்றது.

பகலின் நீளமும் பயிரைத் தாக்கும். இப்பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்திலும் குறைவு. ஆயினும் பழைய நீண்டகால நெல்லினங்கள் பல அச்சிறு வேறுபாட்டையும் உணர்ந்து, பகல் குறுகும் காலத்திலேயே பூக்கும் இயல்புடையன.

விதைப்பு நாளைப் பிறையைக் கொண்டு ஆண்டுதோறும் குறித்தல் பொருந்தாது. பன்னிரண்டு பிறைமாதங்கள் 354 அல்லது 355 நாளில் முடிந்துவிடும். சூரிய ஆண்டிலும் இது ஏறத்தாழ 11 நாள் குறைவு. எனவே நோன்பு மாதம் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. மழையோ சூரியனைப் பின்பற்றி வருவது. ஆதலின், பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும் நாட்களை வட்டை முழுவதும் ஒருங்கே கைக்கொள்ளுதல் வேண்டும்.

2. கடற்பெருக்கு

சந்திரனின் ஈர்ப்பு, பூமியில் தன்னை நோக்கிய பக்கத்தைக் கூடுதலாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுக்கின்றது. இதனால் இரு பக்கங்களிலும் கடல்நீர் சற்று உயர்கின்றது. பூமி தன் அச்சிற் சுழலும்போது இக்கரையும் அவ்வுயர்வுகளைக் கடப்பதால் நாளொன்றுக்குப் பெரும்பாலும் இரு முறை பெருக்கும் இரு முறை வற்றும் நிகழும். சந்திரனும் நகர்வதாற் பெருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும். சூரியனின் பங்கு சந்திரனின் பங்கிற் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பூரணையிலும் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால், அந்நாட்களை ஒட்டிப் பெருக்கு மிகும். அரைச்சந்திர நாட்களையொட்டி அது குறையும்.

இலங்கைக் கரையிற் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையேயுள்ள உயரம் ஒரு மீற்றரை எட்டுவதில்லை. ஆயினும் கோடையில் ஆற்றுநீர் குறைந்து முகத்துவாரம் திறந்திருக்குமாயின், உவர்நீர் களியோடை போன்ற ஓடைகளின் வழியே உள்ளே ஏறும். அமாவாசை, பூரணை நாட்களில் அது மேலும் உள்ளே செல்லும். தாழ்ந்த வயல்களில் அந்நீரை மடை திறந்து பாய்ச்சுதல் இளம்பயிரைக் கருக்கிவிடும்.

ஒலுவிலிற் கரை அரிக்கப்பட்டதற்குச் சந்திரனைக் காரணமாகக் கூறுதல் தகாது. பருவக்காற்று எழுப்பும் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்திச் செல்கின்றன. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலின் வழியை மறித்தன. இதனாற் துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. மணல் வந்துசேராத வடபுறத்துக் கரையோ அரிப்புண்டு, தென்னங்காணிகள் கடலுக்கு இரையாயின.

அவ்வாறே, 2004 திசெம்பர் 26 இல் இக்கரையைத் தாக்கிய சுனாமியும் பூரணை நாளில் வந்தபோதிலும் பூரணையால் வந்ததன்று. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கமே அதற்குக் காரணம். ஒவ்வொரு பூரணைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கடல் திடீரென வழமைக்கு மாறாக உள்வாங்கினால், நாள் எதுவாயினும் உடனே மேட்டுநிலத்துக்குச் செல்ல வேண்டும்.

3. கிரகணங்கள்

சந்திரன் சூரியனை மறைத்து அதன் நிழல் பூமியில் விழுவது சூரிய கிரகணம். இது அமாவாசையிலேயே நிகழும். பூமியின் நிழல் சந்திரனில் விழுவது சந்திர கிரகணம். இது பூரணையிலேயே நிகழும். சந்திரனின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால், நிழல் பெரும்பாலும் மேலாகவோ கீழாகவோ விலகிச் செல்லும். எனவே மாதந்தோறும் கிரகணம் உண்டாவதில்லை.

1955 யூன் 20 இல் முழுச்சூரிய கிரகணமும், 2019 திசெம்பர் 26 இல் வளையச் சூரிய கிரகணமும் இலங்கையின் சில பகுதிகளிற் தெரிந்தன. 2025 செப்ரெம்பர் 7 இரவு முழுச்சந்திர கிரகணம் தெரிந்தது. இவற்றின் நேரம் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணிக்கப்படுவது. பயிருக்கோ, விதைக்கோ, கிணற்று நீருக்கோ கிரகணத்தால் நஞ்சு ஏறுவதில்லை. தண்ணீர் முறை கிடைத்த நாளிற் கிரகணத்துக்கு அஞ்சி மடையைத் திறவாது விடுவதே நட்டம். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணாற் பார்த்தல் மாத்திரம் மெய்யாகவே தீங்கு. அது பார்வையைக் கெடுக்கும்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. விதைப்பைப் பருவமழையையும் ஆரம்பக் கூட்டத் தீர்மானத்தையும் கொண்டு தொடங்குக.
2. கோடையில் அமாவாசை, பூரணை நாட்களுக்கு முன்னர் ஓடையோர வரம்புகளையும் மடைகளையும் பழுதுபார்த்து அடைத்து வைக்குக.
3. ஓடைநீர் உவர்க்கின்றதோ என ஐயுற்றால், பாய்ச்சுமுன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிச் சோதிப்பிக்குக.
4. உவர் ஏறும் வயல்களுக்கு அட் 354 போன்ற உவர் தாங்கும் நெல்லினத்தைத் தெரிக.
5. மணற்பாங்கான தோட்டங்களில் மிளகாய், கத்தரி, வெண்டிக்குக் கிணற்று நீரை ஒரேயடியாக இறைத்துவிடாது, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறைக்குக. மிகுதியாக இறைத்தாற் கீழுள்ள உவர்நீர் மேலேறும்.
6. கரையோர மணல்மேட்டையும் அதிற் படர்ந்துள்ள அடம்பன் கொடியையும் அழியாது காக்குக.