2147483647: கம்ப்யூட்டர் தாண்டத் தயங்கும் எண்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. புரோகிராம்களைச் சோதிக்கும்போது நான் தவறாமல் கொடுத்துப் பார்க்கும் எண் இது. இதில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம்.

1. விண்டோஸ் 10 அல்லது 11-ல் கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் புரோகிராமர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. க்யூவேர்ட் என்ற பட்டனை ஒருமுறை கிளிக் செய்யுங்கள். அது டிவேர்ட் என மாறும். இனி கால்குலேட்டர் 32 பிட்களில் மட்டும் கணக்குப் போடும்.
3. 2147483647 என டைப் செய்து, அதனுடன் 1-ஐக் கூட்டுங்கள்.

விடை -2147483648 என்று வரும். கூட்டினால் எண் குறைகிறதே என்று வியப்பாக இருக்கிறதா?

32 பிட்களில் முதல் பிட், எண் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்களிலும் 1 நிரம்பினால் கிடைப்பதுதான் நம் எண். அதாவது, 31 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழிக்க வேண்டும். மேலும் 1 கூட்டினால் அது குறியின் இடத்திற்குப் போய்விடுகிறது. விடை மைனஸ் ஆகிவிடுகிறது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்த எண் புகழ் பெற்றது. இது ஒரு பகா எண். இதை நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். 1772-ல் இதைக் கடிதமாக எழுதியபோது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. இதன் வர்க்கமூலம் 46,341-க்குச் சற்றுக் குறைவு. அதுவரை உள்ள எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இதற்கு வகுத்தி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர வேண்டும். எனவே அதிகபட்சம் 372 எண்களைச் சோதித்தால் போதும்.

சரி, நமக்கு என்ன கவலை? பல பழைய புரோகிராம்கள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடிகள் ஆயின என்பதை 32 பிட்களில் எண்ணித்தான் தேதியை அறிகின்றன. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும். அடுத்த விநாடி, அவற்றுக்கு 1901 டிசம்பர் ஆகிவிடும்!

2038 வரை காத்திருக்கவும் வேண்டாம். 2019-ல் 20 வருடத் தவணையில் வாங்கிய வீட்டுக் கடன் 2039-ல்தான் முடியும். அந்தக் கடைசித் தேதியைக் கணக்கிடும் புரோகிராம் இன்றே தடுமாறலாம்.

தீர்வு 64 பிட். அதில் விநாடிகளை எண்ணினால் சுமார் 29,200 கோடி ஆண்டுகளுக்குத் தாங்கும். யூடியூபும் இதைத்தான் செய்தது. 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைகள் இந்த எல்லையை எட்டியதை ஒட்டி, எண்ணும் முறையை 64 பிட்டிற்கு மாற்றியதாக 2014 டிசம்பரில் அறிவித்தது.

இன்றைய 64 பிட் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வருடக் கணக்காக அப்டேட் செய்யாத ரௌட்டர், கேமரா ரெக்கார்டர் போன்றவற்றைத்தான் கவனிக்க வேண்டும். புதிய அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். நீங்களே புரோகிராம் எழுதுபவர் என்றால், தேதிக்கு 64 பிட் ஒதுக்குங்கள். பிறகு 2040-ல் ஒரு தேதியைக் கொடுத்துச் சோதியுங்கள். சரியான விடை வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.