பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் தெரியலையா?

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவியூ. ஃபைல் எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில். உங்க பழைய லேப்டாப்போ அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது. பதறாதீங்க, முதலில் டிஸ்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள்.

'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சுற்றாமல் நின்றுபோனால் பெரும்பாலும் கரன்ட் பத்தவில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான், 3.0 என்றால் 900. சார்ஜரை மாட்டி, ஹப் இல்லாமல், நீளம் குறைந்த கேபிளில் நேரடியாகச் செருகுங்கள். அப்பவும் அதே சத்தம்னா உடனே கழற்றிடுங்க. டிஸ்கே பழுதாகியிருக்கலாம்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் டிரைவ் தெரியவில்லையா? மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து, மேனேஜ் வழியாக டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். பார்ட்டிஷன் இருந்து டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், ஓர் எழுத்து கொடுத்தால் போதும். 'ஜிபிடி புரொடெக்டிவ் பார்ட்டிஷன்' என்று காட்டினால் குறை டிஸ்கில் இல்லை. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஜிபிடி படிக்கத் தெரியாது. நண்பரின் புது லேப்டாப்பில் திறந்துவிடும்.

நடுவில் 'ஃபார்மேட் செய்யவா?', 'இனிஷியலைஸ் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும். கேன்சல் அடிங்க. வேறு கம்ப்யூட்டரில் காப்பி எடுத்த பிறகுதான் அந்தப் பேச்சே.